கப்பற் பெட்டகமும் கிராமத்துக் களஞ்சியமும்

விளைவிக்கத் தெரிந்த சமுதாயம் விளைந்ததைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நம் முன்னோர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத் துறையில் பண்டப் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்டுக் காவல் செய்த செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. இல்லங்களில் நெல்லைக் காக்கக் குதிரும் பத்தாயமும் இருந்தன. இன்றைய கடல் வாணிகத்தின் பத்தாயமோ எஃகினால் ஆனது. அதனையே சரக்குப் பெட்டகம் என்றும் கண்டெய்னர் என்றும் வழங்குகிறோம்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களுடன் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்னும் சரக்குந்து உரிமையாளர். அம்முயற்சி உலக வாணிகத்தையே மாற்றிவிட்டது. நம் சென்னைத் துறைமுகத்திலும் 1983இல் பெட்டக முனையம் தோன்றியது. பல ஆண்டுகள் கடலில் உழைத்த பெட்டகங்கள் ஓய்வு பெறும்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றைக் கட்டடமாக்கும் முறைக்கு 1989இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பெற்றது. 2001இல் லண்டனில் பெட்டகங்களை அடுக்கியே பணிக்கூடங்கள் அமைத்தனர்.

இவ்வழக்கம் நம் கிராமத்து நிலங்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே நம் கருத்து. ஆனால், குளிர்நாட்டில் கண்டதை வெயில் நாட்டில் அப்படியே வைத்துவிட இயலாது. பெட்டகத்தைப் பொருள்களுக்குக் காவலாகவும், மனிதர் கூடும் இடத்துக்குத் துணைச் சுவராகவும் கொள்ளலாம். ஏழையின் வீடாக அதனைக் கொள்ளுதல் தகாது.

காரணம் வெளிப்படையானது. சித்திரை வெயிலில் நிற்கும் எஃகுப் பெட்டிக்குள், வெளியில் இருப்பதைவிட வெம்மை மிகுதி. மாரிக்காலத்திலோ உட்சுவரில் ஈரம் வியர்த்து நிற்கும். காற்றுப் போக்கு இல்லையேல் அங்கு வைத்த நெல்லும் பூஞ்சணம் பிடிக்கும். தரைப்பலகை பூச்சி அரிக்காதிருக்க மருந்தூட்டப் பெற்றிருப்பதும் உண்டு. ஆகவே, அது முன்பு எதனைச் சுமந்தது என்று விசாரியாமல் வாங்குதல் கூடாது. பலகையை மாற்றியோ, மேலே தளம் இட்டு மூடியோ பயன்படுத்துதல் வேண்டும்.

சிறிய பெட்டகம் 20 அடி நீளமும் 8 அடி அகலமும் எட்டரை அடி உயரமும் உடையது. அதன் வலிமை நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. சுவரோ மெல்லிய மடிப்புத் தகடு. கதவுக்கும் சன்னலுக்கும் சுவரை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் இட வேண்டும். மண்ணில் புதைத்தாலோ சுவர் உள்வாங்கும். மூலைகளுக்குக் கீழே கற்காரைத் தூண் நிறுத்தி உயர்த்தினால், வெள்ளம் அடியில் ஓடிவிடும். அத்தூண்களுடன் பெட்டகத்தை இறுகப் பிணைத்தலும் இன்றியமையாதது. பெருங்காற்று வெற்றுப் பெட்டகத்தை நகர்த்த வல்லது.

நாம் பரிந்துரைக்கும் அமைப்பு எளியது. இரண்டு சிறிய பெட்டகங்களை 20 அடி இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்துக. இரண்டையும் இடைவெளியையும் சேர்த்து மூடும்படி, பெட்டகத்தின் மேல்தகட்டிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கூரை வேய்க. இடையே காற்று ஓடுவதால் வெம்மை தணியும். ஒன்றில் விதையும் உரமும் கருவிகளும் தனித்தனித் தடுப்பில் இருக்கட்டும். மற்றொன்றில் நூல்களும் ஊர்ப் பதிவேடுகளும் இருக்கட்டும். நடுவில் 400 சதுர அடி நிழற்கூடம் கிடைக்கும். அறுவடை நாளில் அது களம். மாலையில் பிள்ளைகள் பாடம் படிக்கும் இடம். ஏனைய நாளில் ஊர் கூடிப் பேசும் மன்றம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியப் பகுதியைத் தாக்கியபோது குடிசைகளின் கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அத்தகைய நாளில் விதைநெல்லும் பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் நனையாதிருத்தல் ஒரு குடும்பத்தின் மறுவாழ்வுக்கு எத்துணை உதவி! அப்பணிக்கு, முறையாகப் பிணைக்கப்பெற்ற பெட்டகம் தகுதியுடையது. ஆயின், அதனைக் காட்டி, வீடிழந்தவர்க்குக் கல்வீடு கட்டித் தரும் கடமையிலிருந்து எவரும் விலகுதல் அறமன்று. செல்வர் தம் தோப்பில் குளிர்சாதனம் பொருத்தித் தங்கும் பெட்டியும், ஏழை புழுக்கத்தில் பிள்ளைகளோடு உறங்கும் பெட்டியும் ஒன்றாகா.

செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெட்டகத்தின் விலையோடு இழுவை வண்டிக் கூலியும் பாரந்தூக்கிக் கூலியும் சேரும். 40 அடிப் பெட்டகம் நம் ஊர்ச் சந்துகளில் திரும்பாது. துறைமுகத்துக்கு அண்மையில் உள்ள சிற்றூர்களுக்கே இது சிக்கனம். தொலைவில் உள்ளவர்க்குச் செங்கல்லே நலம். மறுபயன் என்னும் சொல்லுக்கு மயங்கி, கடலில் இன்னும் உழைக்கத்தக்க புதுப்பெட்டகத்தை வாங்குதலும் பொருந்தாது.

மாணவர்களே! உங்கள் ஊருக்குப் பெட்டகம் வேண்டுமா என்பதை நீங்களே ஆராயலாம். விளைந்த பொருள் எங்கே கெடுகிறது, பிள்ளைகள் எங்கே அமர்ந்து படிக்கின்றனர் என்று விடுமுறையில் கேட்டறியுங்கள். பெரியோர்கள் நிலம் ஒதுக்கட்டும். ஊர்க் கொல்லரும் தச்சரும் கைகொடுக்கட்டும். உலகப் பொருள்களைச் சுமந்து களைத்த பெட்டகம், ஓர் ஊரின் விதையையும் நூலையும் சுமக்குமாயின் அதன் இறுதிப் பயணம் பயனுடையதாகும்.