ஜூனுக்குள் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள், தோழர்களே!

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. திருப்பூரிலும் கோவையிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வரிசை வரிசையாக நிற்கும் லைன் வீடுகளுக்குள் இந்த நேரத்தில் எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒடிசாவிலோ பீகாரிலோ ஜார்க்கண்டிலோ இரண்டாம் வகுப்போடு, மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு ரயிலேறி வந்த பிள்ளைகள் இவர்கள். இந்த ஜூனில் இவர்களைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் போய்விடும். அதன் பிறகு அவர்கள் பள்ளிப் பக்கம் வரமாட்டார்கள். பனியன் கம்பெனியில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் போய்விடுவார்கள்.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களே, ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துபவர்களே, தொழிற்சங்கத்தின் இளைஞர் அணியில் இருப்பவர்களே, நடிகர் பிறந்தநாளுக்கு ரத்ததானம் செய்யும் மன்றத்துத் தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும்தான் இது.

அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் எப்படி இங்கே வந்தன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கம் மழையை நம்பி ஒரே ஒரு போகம். அறுப்பு முடிந்ததும் தரகர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், கையில் முன்பணம். மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ அதை வாங்கிய குடும்பம், செங்கல் சூளையில் மாதக்கணக்கில் கல் அறுத்துத்தான் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பீகாரில் 2008 ஆகஸ்டில் கோசி ஆறு நேபாள எல்லையில் குசாஹா அருகே கரையை உடைத்துக்கொண்டு பழைய தடத்தில் பாய்ந்தது. லட்சக்கணக்கானோரின் நிலமும் வீடும் தண்ணீருக்கும் மணலுக்கும் அடியில் போயின. நிலமே இல்லாதவர்கள் அதற்கு முன்பும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார்கள், இன்றும் கிளம்புகிறார்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியை ஒரு நாள் திருப்பூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். இரண்டு ராத்திரி கழிவறை வாசலில் குந்தியிருந்து வந்தவர்கள் இறங்குவார்கள். ஊர் சுற்றிப் பார்க்க யாரும் அப்படி வரமாட்டார்கள்.

வந்த பிறகு என்ன? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஏழு பேர். ஒன்றரை ஷிப்டு. சம்பளம் கம்பெனியிலிருந்து நேராகக் கைக்கு வராது. ஒப்பந்தக்காரர் பிடித்தது போக மிச்சம் வரும். கணக்குக் கேட்க மொழி தெரியாது, கேட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது. கை மிஷினில் மாட்டினால் கட்டுப்போட்டு ஊருக்கு ரயிலேற்றி விடுவார்கள். அத்தோடு அந்த மனிதரின் கதை இங்கே முடிந்தது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்து 61 பேர் செத்தார்கள். ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள் அதில் ஏராளம். அவர்கள் எங்கே தங்கியிருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் அழைத்து வந்தார்கள் என்று அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரை இந்த நகரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நான்கு மணி நேரத்தில் நாட்டை மூடினார்களே, அதைச் சின்ன வயதில் டிவியில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மே 8 விடியற்காலையில் மராட்டியத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. ஜால்னா இரும்பாலையில் வேலை பார்த்துவிட்டு மத்தியப் பிரதேசத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்கள். ரயில் ஓடாது என்று நம்பிப் படுத்தார்கள். அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டபோது, அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை என்று தொழிலாளர் துறை அமைச்சகம் சொன்னது. செத்தவர்களை எண்ணக்கூட ஆளில்லாத நிலை அது. 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், போக வர வழிச்செலவு, தங்க இடம், வைத்தியம் எல்லாம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. நெடுஞ்சாலையில் நடந்தவர்களில் எத்தனை பேர் கையில் அந்தப் பாஸ்புக் இருந்தது?

தோழர்களே, இதில் நாம் வேடிக்கை பார்த்தவர்கள் மட்டுமல்ல, காயப்படுத்தியவர்களும்தான். பஸ்ஸில் ஒரு வடமாநிலப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவன் பெயரைக் கேட்காமல் ‘வடக்கன்’ என்று கூப்பிடுபவர்கள் நம் நண்பர் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யும் மீம்களை நாமே பகிர்ந்திருக்கிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று எங்கோ எடுத்த வீடியோக்களை ஒட்டிப் பொய்யைப் பரப்பினார்கள். அது பொய் என்று தமிழகக் காவல்துறை சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்தது. ஆனாலும் திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு கூட்டம் நின்றதே, ஏன்? ஒரே தெருவில் வருடக்கணக்காகக் குடியிருந்தும், பயந்த நேரத்தில் கதவைத் தட்டி உண்மையா என்று கேட்க அவர்களுக்கு ஒரு தமிழ் வீடு இருக்கவில்லை. அந்தப் பொய்யைப் பரப்பியவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒரு வீடு இல்லாமல் போனதற்கு நாமும் பொறுப்பு.

நமக்கா இந்த வலி தெரியாது? 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது காட்டுவழியாக, மலைவழியாக நடந்தே இந்தியா வந்த லட்சக்கணக்கானவர்களில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! வழியிலேயே புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி இன்றும் பேசும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1960-களின் பம்பாயில் ‘மதராசி’களை விரட்டு என்று அரசியல் செய்தபோது தாராவியில் பயந்து ஒதுங்கியவர்கள் திருநெல்வேலிக்காரர்கள்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 20 பேர், செம்மரம் வெட்டும் கூலிக்கு அழைத்துப் போகப்பட்ட தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்து மலைக்கிராமத்துக்காரர்கள் அவர்களில் உண்டு. தரகர், முன்பணம், தெரியாத ஊர் என்று வழி ஒன்றேதான்.

“அவங்க வந்துதான் நம்ம வேலை போச்சு” என்று உங்கள் சித்தப்பா சொல்வார். அவரிடம் சண்டை போடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். அவர் கூலி உயராமல் நிற்பது உண்மை. குறைந்த கூலிக்கு வரும் ஆளைத் தேடிக் கொண்டுவந்தது யார், மிச்சமான பணம் யார் பைக்குப் போனது என்று கேளுங்கள். அப்படி வந்த பையனுக்கும் சட்டப்படியான கூலி கிடைத்துவிட்டால் சித்தப்பாவைக் கழித்துவிட்டு அவனைச் சேர்க்க எந்த முதலாளிக்கும் காரணம் இருக்காது. இரண்டு பேர் கூலியும் சேர்ந்துதான் ஏறும். இதை அவருக்குப் புரியவைப்பதும் நம் வேலைதான்.

சரி, என்ன செய்வது?

பிறந்தநாளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் தம்பிகளின் மனசு பெரியது, அதை ஒருநாளும் நான் சிறுமைப்படுத்தமாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தது இளைஞர்கள்தான். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவுக்கு லாரி லாரியாகத் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொண்டுபோனதும் அவர்கள்தான். வெள்ளம் வடிந்தால் அந்த வேலை முடிந்துவிடும். இந்தத் தொழிலாளர்களுடைய கஷ்டம் வடியாதது. இங்கே பொட்டலத்தைவிட உங்கள் நேரமும் உங்கள் தமிழும்தான் தேவை. அரசு ஏற்கெனவே எழுதிவைத்த உரிமைகள் நிறைய இருக்கின்றன. வாசல் வரை கூட்டிப்போய் பக்கத்தில் நின்று பேச ஆள் இல்லாததால் அவை கிடைக்காமல் கிடக்கின்றன.

பள்ளியிலிருந்தே தொடங்குவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல தலைமையாசிரியர்கள் ஆசையோடு சேர்த்துக்கொள்வார்கள். தயங்குகிறவரிடம் பணிவாகச் சட்டத்தை நினைவூட்டுங்கள். அரசு தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குக் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கும். விடிந்ததும் வேலைக்கு ஓடும் தாய்க்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள்! சேர்த்ததோடு விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் தமிழ் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நின்றுவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தத் தெருவிலேயே பாய் விரித்து அ, ஆ சொல்லிக் கொடுங்கள். அவர்களிடமிருந்து நாலு ஒடியாச் சொல்லை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரேஷன். சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை உள்ளவர் இங்கேயும் ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்துத் தன் பங்கு தானியத்தை வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இது இருக்கிறது. குடும்பத்தின் பங்கில் ஒரு பகுதியை இவர் இங்கே வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கும் மனைவி வாங்கலாம். இது தெரியாமல் முழு விலைக்கு அரிசி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். முதல் தடவை கூடப் போய் நின்றால் போதும், அடுத்த மாதம் அவரே போவார், நாலு பேரைக் கூட்டிப்போவார்.

விபத்து விஷயத்தில் மட்டும் தாமதிக்கவே கூடாது. இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் அதற்கான பலன் உண்டு. இறந்துவிட்டால், சார்ந்திருந்த குடும்பத்துக்கு அவர் வாங்கிய சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதா மாதம் வரும். ஒப்பந்தக்காரர் கையில் பத்தாயிரம் திணித்து, வெள்ளைத் தாளில் ரேகை வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக உடலை ஆம்புலன்சில் ஏற்றுவதைத் தடுக்க, அந்த நேரத்தில் அங்கே நான்கு தமிழ் இளைஞர்கள் நிற்க வேண்டும். அடிபட்ட இடம், நேரம், பார்த்தவர்கள், கம்பெனி பெயர் எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது, அதை ஒவ்வொரு லைன் வீட்டுச் சுவரிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள். கூலி பாக்கிக்கும் இதே வழிதான். ஒப்பந்தக்காரர் ஓடிப்போனால் அந்தக் கூலியைக் கொடுக்கும் பொறுப்பு வேலை வாங்கிய கம்பெனியுடையது என்று சட்டம் சொல்கிறது. வேலை செய்த தேதியும் நேரமும் ஒரு நோட்டில் இருந்தால் கேட்பதற்குக் கையில் பிடிமானம் கிடைக்கும். அந்த நோட்டை வாங்கிக் கொடுங்கள், எழுதப் பழக்குங்கள்.

பணமாகக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். ஊருக்குப் போக டிக்கெட், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, பிள்ளைக்குப் பை, இதற்கெல்லாம் சின்ன நிதி வேண்டும். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசியுங்கள். அவர்கள் முகத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். கை நீட்டி வாங்கும் தன் அப்பாவை ஊரே பார்ப்பதை எந்தப் பிள்ளை விரும்பும்? உங்கள் குழுவில் அந்தத் தெருத் தொழிலாளர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், முடிவுகளை அவர்களும் சேர்ந்து எடுக்கட்டும். பெண்கள் தங்கும் மில் விடுதிகளுக்கு நம் தோழிகள் போனால்தான் அங்கிருப்பவர்கள் வாய் திறந்து பேசுவார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மரக்கன்று நட்டும் ஊர்வலம் போயும் எத்தனை வருடமாக அந்த மணிகளைக் கழித்தோம்! இந்த வருடம் உங்கள் திட்ட அலுவலரிடம் போய், எங்கள் 120 மணி நேரத்தை இந்தத் தெருவுக்குக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். இருபது மாணவர்கள் சேர்ந்தால் 2,400 மணி நேரம். அது ஒரு லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளியில் சேர்த்து, ஒரு வருடம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போதும்.

கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற நேரமில்லை, தோழர்களே. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை, காலை பத்து மணிக்கெல்லாம் அறையில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மூன்று பேராகப் போங்கள். ஆறிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வயதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியலோடு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்து வகுப்புக்குள் நீங்கள் கூட்டிப்போக வேண்டும். புறப்படுங்கள்!