பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு 1.5 டன் ஏசி எதுக்கு?

ஏசி வாங்க ஷோரூமுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "ரூம் சைஸ் என்ன சார்?" பத்துக்குப் பன்னிரண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் பதிலும் வந்துவிடும். "1.5 டன் போட்டுக்கோங்க, சேஃப்." இந்த 'சேஃப்' வாங்குறவங்களுக்கா, விற்கிறவங்களுக்கா?

டன் என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகத்தில் ரூமின் சூட்டை வெளியே தள்ளும் திறன். சுமார் 3,500 வாட். ஐஸை வெட்டி விற்ற காலத்தின் மிச்சம் இந்த அளவு. அப்படி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைத்திருந்த கட்டடம்தான் நம்ம சென்னை ஐஸ் ஹவுஸ்.

பெரிசா வாங்கினா என்ன குறைஞ்சிடப் போகுது என்று நினைப்போம். ஏசிக்கு வேலை இரண்டு: சூட்டைக் குறைக்கணும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் எடுக்கணும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இரண்டாவது வேலைதான் முக்கியம். ஈரம் தண்ணீராக வடிய, ஏசி உள்ளே இருக்கும் காயில் தொடர்ந்து குளிர்ந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஏசி, சின்ன ரூமைச் சட்டென்று 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஈரம் அப்படியே தங்கிவிடும். குளிருது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு. உடனே ரிமோட்டில் 20க்கு இறக்குவோம். கரன்ட் பில் ஏறும்.

"இன்வெர்ட்டர் ஏசி தானே, அதுவே குறைச்சுக்கும்" என்பார்கள். பாதி உண்மை. அது வேகத்தைக் குறைக்கும். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. ராத்திரி சின்ன பெட்ரூமின் தேவை அந்த அளவுக்கும் கீழே போனால், பழைய ஏசி மாதிரியே நின்று நின்று ஓடும்.

இதற்காக எல்லோரும் 1 டன் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நடுத்தளத்தில், வெயில் நேராகப் படாத 120 சதுர அடி ரூமுக்கு 1 டன் பெரும்பாலும் போதும். அதே ரூம் மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குப் பார்த்த சுவரோடு இருந்தால் கதையே வேறு. பகல் முழுக்கச் சூடேறிய கான்க்ரீட், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அங்கே 1.5 டன் வாங்குவதில் தப்பே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுவார். இருவர் தூங்கும் ரூமும், ஐந்து பேர் டிவி பார்க்கும் ஹாலும் ஒன்றில்லை. ஆக, ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "எந்த மாடி?" என்பதுதான். அவங்க கேட்கலைன்னா நாமே சொல்லிடணும்.

இன்னொன்று: பெட்டியில் போட்டிருக்கும் டன்னை நம்பாமல், ஸ்டார் லேபிளில் உள்ள கூலிங் திறனை வாட்டில் பாருங்கள். கணக்குப்படி 1.5 டன் என்றால் சுமார் 5,250 வாட். அதே பெயரில் 5,000க்கும் கீழே இருக்கும் மாடல்களும் விற்கின்றன. அந்த எண்ணும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. மே மாதம் 40ஐத் தாண்டும்போது திறன் இன்னும் குறையும்.

மேல்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், கூடுதல் அரை டன்னுக்குப் பணம் போடுவதற்கு முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம். மொட்டை மாடித் தரைக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் கீழே இறங்கும் சூடு குறையும். ஏசி போடாத ரூம்களுக்கும் சேர்த்து.