கத்ரின் மேல் போடாதீர்கள், நட்டின் சுற்றை எண்ணுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருக்கும் தம்பிமாரும், அந்தத் தம்பிமாருக்குக் காசு கொடுக்கும் வாப்பாமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை. பாடசாலை விட்டு ஐந்து நிமிடம் இருக்கும். கல்முனைப் பக்கமிருந்து வந்த ஒரு ஹொண்டா சிவிக்கின் முன் இடப்பக்கச் சில்லு கழன்றது. கார் மூக்கைக் குத்தித் தாரில் உராய்ந்து நின்றது. சில்லு நிற்கவில்லை. வீதியைக் குறுக்காகத் தாண்டி, ஐஸ் பக்கெட் விற்கும் காக்காவின் சைக்கிளைத் தட்டி, எங்கள் மதிலில் மோதி விழுந்தது. அந்த மதிலோரம்தான் தரம் 3 பிள்ளைகள் வாப்பாமாரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைக் காணவில்லை என்று டீச்சர் முழு வகுப்பையும் உள்ளே வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மஃரிபுக்குப் பிறகு ஊர் வட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தேன். மூன்று விதமான கதை ஓடியது.

முதலாவது, "கண்ணூறு பட்டிருக்கு, எல்லாம் கத்ர்."

இரண்டாவது, "இந்த மொடிஃபை கார்கள் எல்லாம் ஹறாம், எல்லாவற்றையும் பொலிஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும்."

மூன்றாவது, சில்லைப் பூட்டிக் கொடுத்த கடைக்காரருடையது. "எத்தனையோ காருக்குப் போட்டிருக்கிறோம், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொடியன் ஓடின ஓட்டம்தான் பிழை."

மூன்றையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். காரை ஓட்டியது என்னிடம் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படித்த பையன். ஓடி வந்து, "சேர், பத்து மில்லிமீற்றர்தான் சேர் போட்டேன்" என்று அழுதான். அந்தப் பத்து மில்லிமீற்றரைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

சில்லுக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் வட்டத் தகடுதான் ஸ்பேசர். சில்லை வெளியே தள்ளும். கார் அகலமாகத் தெரியும், மட்காட்டோடு சில்லு நிரம்பி நிற்கும், பார்க்க வடிவுதான். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போர்ஷே கம்பனியே சில 911 கார்களுக்கு 5 மில்லிமீற்றர் ஸ்பேசரைத் தானே கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்பேசரோடு அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தது. எங்கள் ஊரில் ஸ்பேசர் மட்டும் வருகிறது. அந்த நீளம் வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். சிவிக்கின் ஸ்டட் 12 மில்லிமீற்றர் தடிப்பு. புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். அதாவது நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.5 மில்லிமீற்றர் உள்ளே போகும். ஸ்டட்டின் தடிப்பளவுக்காவது நட் புரியில் ஏற வேண்டும் என்பது பொதுவான விதி. 12 ஐ 1.5 ஆல் பிரித்தால் 8 சுற்று. இப்போது நடுவில் 10 மில்லிமீற்றர் தகட்டை வையுங்கள். 10 ஐ 1.5 ஆல் பிரித்தால் ஆறரைச் சுற்றுக்கும் மேல் போய்விட்டது. கம்பனிச் சில்லில் 10 சுற்று ஏறிய நட் இனி மூன்று சுற்றுச் சொச்சம்தான் பிடிக்கும். அன்று வீதியில் பொறுக்கிய நட்டை மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதன் வாயோரம் மூன்று புரி மழுங்கிக் கிடக்கிறது. உள்ளே மிச்சப் புரியெல்லாம் புதிது போல இருக்கிறது. அவை ஸ்டட்டைத் தொட்டதே இல்லை.

இன்னொன்றும் அந்த நட்டில் தெரிகிறது. ஹொண்டாவின் கம்பனி நட்டுக்கு அடிப்பக்கம் பந்து போல உருண்டை. வெளியில் வாங்கும் அலோய் வீல்களின் குழி பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டையைக் கூம்புக்குள் இறுக்கினால் முழு முகமும் பொருந்தாது. மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். வீல் செட் வாங்கக் காசு இருந்தது. அதற்கேற்ற நட் செட் வாங்க யாரும் சொல்லவில்லை. பழைய நட்டையே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

பலர் நினைப்பது, காரின் பாரத்தை அந்த ஐந்து ஸ்டட்டும்தான் தாங்குகின்றன என்று. நட்டுகள் சில்லை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த இரண்டு முகங்களுக்கும் இடையில் உள்ள உராய்வுதான் சில்லை அசையாமல் வைக்கிறது. அந்த இறுக்கம் போனால் சில்லு மயிரிழை அசையும். அசைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். சிவிக்கின் டயர் ஒரு சுற்றில் ஓடுவது சுமார் 2 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்று. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 40 கிலோமீற்றர் என்றால் 20,000 தடவை. ஒரு கம்பியை 20,000 தடவை வளைத்து நிமிர்த்தினால் முறியுமா முறியாதா என்று தரம் 6 பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்.

இப்போது முதலாவது கதைக்காரர்களுக்கு. கத்ரை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. மூன்று சுற்று நட்டோடு நூறில் ஓடிவிட்டு, "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்வது தவக்குல் இல்லை. நாங்கள் எண்ணாமல் விட்டதை அவன் மேல் போடுகிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் படித்தோம். பிள்ளைகள் நடக்கும் பாதையில் இருபது கிலோ சில்லை உருட்டிவிடுவது எதன் கிளை?

இரண்டாவது கதைக்காரர்களுக்கு. ஹறாம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எடுக்காதீர்கள். அலோய் வீல் போட்ட பொடியனெல்லாம் கெட்டவன் என்று ஜும்ஆவுக்குப் பிறகு திண்ணையில் இருந்து பேசினால் அவன் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்க வரமாட்டான். யூடியூபிடம் போவான், கடைக்காரரிடம் போவான். பொலிஸ் வந்தாலும் இந்த வருத்தம் தீராது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் த்ரீவீல்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றுக்கு எதிராகப் பொலிஸார் இறங்கியபோது பிடிபட்டது கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். சில்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகடு எவர் கண்ணிலும் படாது. எங்கள் கார்களுக்கு வருடாவருடம் எடுக்கும் எமிஷன் டெஸ்ட் புகையைத்தான் பார்க்கிறது. நட்டைப் பார்ப்பதில்லை. அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கடைக்காரர்களுக்கு. காக்கா, கோபிக்க வேண்டாம். "ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது அளவு இல்லை. எத்தனை சுற்று நட் ஏறியது என்று நீங்கள் எண்ணவில்லை என்றால், மற்ற கார்களும் இன்னும் கழலாத கார்கள், அவ்வளவுதான். எயார் கன்னால் "டர்ர்" என்று அடித்துவிட்டுக் கையைத் துடைக்கிறீர்களே, சிவிக்கின் நட்டுக்குக் கம்பனி சொன்ன இறுக்கம் 108 நியூட்டன் மீற்றர். உங்கள் கன் எத்தனைக்கு இறுக்கியது என்று உங்களால் சொல்ல முடியுமா? குறைந்தால் தளரும். கூடினால் ஸ்டட் இழுபட்டுப் பலம் இழக்கும். ஒரு டோர்க் ரெஞ்ச் வாங்குங்கள். நீங்கள் விற்கும் ஒரு சோடி டயரின் விலைகூட வராது.

ஹப்பின் நடுவில் ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். சிவிக்கில் அதன் விட்டம் 64.1 மில்லிமீற்றர். பல கார்களுக்கும் பொதுவாக வரும் அலோய் வீல்களின் நடுத் துளை 73.1 இருக்கும். இடையில் 9 மில்லிமீற்றர் வெறுமை. அதற்குரிய வளையம் போடாவிட்டால் சில்லு நடுவில் உட்காராது, ஸ்டியரிங் நடுங்கும். நடுக்கம் வந்ததும் "பெலன்ஸ் பண்ணுவோம்" என்று இன்னொரு பில் போடுகிறீர்கள். மெல்லிய தகட்டு ஸ்பேசர் வைத்தால் அந்த உதடே மறைந்துபோகிறது.

தம்பிமாருக்குக் கொஞ்சம். ஸ்பேசர் போடத்தான் வேண்டும் என்றால் தனி ஸ்டட்டோடு வரும் வகை ஒன்று இருக்கிறது, 15 மில்லிமீற்றருக்கு மேல். முதலில் ஸ்பேசர் ஹப்போடு பூட்டப்படும், பிறகு சில்லு ஸ்பேசரோடு. புரிக் கணக்கில் அது மேல். ஆனால் உள்ளே இருக்கும் முதல் ஐந்து நட்டும் சில்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். சில்லைக் கழற்றாமல் அவற்றைச் சோதிக்க முடியாது. காரின் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்துக்கு வெளியே நீட்டினால் சில்லு ஒழுங்காக உட்காராது. 20 மில்லிமீற்றர் தள்ளினால் ஓப்செட் 45 என்றிருந்த சில்லு 25 ஆகிறது. பாரம் பெயரிங்கிலிருந்து விலகி நிற்கும். நெம்புகோல் நீண்டால் திருப்பம் கூடும் என்று நான் கரும்பலகையில் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். பெயரிங் சீக்கிரம் போகும். பள்ளத்தில் விழும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஸ்டியரிங் கையை இழுக்கும்.

எனவே ஸ்பேசருக்குப் பதிலாக, சரியான ஓப்செட்டும் சரியான நடுத் துளையும் உள்ள சில்லையே வாங்குவது நல்லது. ஜப்பான் வீல் என்று சொன்னால் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. அடையாளங்கள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 1996 இல் ரேஸ் கம்பனி கொண்டுவந்த டீ.ஈ.37 இன் அதே ஆறு கம்பி வடிவத்தில் எத்தனையோ போலிகள் வருகின்றன. அசல் அடித்து உருவாக்கிய உலோகம், போலி பெரும்பாலும் வார்ப்பு. வடிவத்தைக் களவெடுக்கலாம், பலத்தைக் களவெடுக்க முடியாது. டயரின் பார இலக்கத்தையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போகிற காருக்கு அந்த 115 கிலோ சின்ன விசயம் இல்லை.

வாப்பாமாரே, கட்டாரில் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசு அது. 1,000 சீசீக்குக் குறைந்த டர்போ என்றால் வரி குறைவு என்று எவ்வளவு கணக்குப் பார்த்துக் காரை எடுத்தீர்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது அதன் விலை ஏறியதையும் எண்ணினீர்கள். வீல் செட் எவ்வளவு என்று கேட்டீர்கள். நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று ஒரு தடவை கேட்டீர்களா? காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தீர்களா? பொலிசியை எடுத்து, அறிவிக்காத மாற்றங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றிரவே வாசியுங்கள்.

இனி நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் ஊரில் சில்லோ ஸ்பேசரோ பூட்டும் ஒவ்வொரு கடையும் பில்லில் நான்கு விடயங்களை எழுதிக் கொடுக்க வேண்டும்: நட் ஏறிய சுற்று, நட்டின் முக வடிவம், நடுத் துளையின் அளவு, இறுக்கிய நியூட்டன் மீற்றர். அதன் கீழே கையொப்பம். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் வந்து இறுக்கத்தைப் பார்க்கும்படியும் எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்கிற கடையில் பூட்டாதீர்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தக சங்கமும் ஒரு நாள் உட்கார்ந்து கதைத்தால் போதும்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்கிறேன். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு டோர்க் ரெஞ்சோடு வீட்டு முற்றத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். காரைக் கொண்டு வாருங்கள், ஒன்றாக எண்ணிப் பார்ப்போம். காசு வேண்டாம், ஏச்சும் கிடையாது.

அந்தப் பையன் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்தக் கணக்கைப் பரீட்சையில் சரியாகச் செய்தவன் அவன். நட்டைக் கையில் வைத்து எண்ண அவனுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.