படிக்கிற பிள்ளைக்கும் ஒரு மாலைப்பொழுது வேண்டும்

‘படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும்.’ சென்னையில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும், மாலை வகுப்புகளுக்கும் கல்லூரி வழிகாட்டலுக்கும் உதவி கேட்டுப் போகும் தொண்டு நிறுவனங்களிடம் படித்தவர்களே சொல்லும் பதில் இது. ஒவ்வொரு மே மாதமும் வெளியாகும் பிளஸ் டூ முடிவையும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 2024-இல் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களுடையது 92.37, 2025-இல் 96.70, 93.16. பெண்பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்களே, அவர்களுக்கு எதற்குத் தனியாக மாலை வகுப்பு என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தவறு மட்டுமல்ல, தீங்கானதும்கூட. அந்த எண்களை நேராகப் படித்தால் தெரிவது ஒன்றுதான்: இந்தப் பெண்களிடம் உழைப்புக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை. அப்படியானால் பிளஸ் டூவுக்கும் விரும்பிய கல்லூரிக்கும் நடுவில் அவர்களைத் தடுப்பது எது என்று கேட்டாக வேண்டும்.

முதல் தடை நேரம். ஒன்றிய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆறு வயது முதல் எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. சிறுமிகளின் பங்கு வளர்ந்த பெண்களுடையதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் வீட்டுவேலை யார் தலையில் விழுகிறது என்பதில் சந்தேகமில்லை. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலோ ஊரூர் குப்பத்திலோ ஒரு பத்தாம் வகுப்பு மாணவி நாலரை மணிக்கு வீடு திரும்பினால், தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்போது அடையாறிலோ மந்தைவெளியிலோ யாரோ வீட்டில் சாயங்காலப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டுப் பெண் அதே நேரத்தில் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடிவதற்கு இந்த அம்மாவின் உழைப்பும் ஒரு காரணம். இரண்டு பெண்களும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். முடிவு வந்ததும் ஒருத்தியைத் திறமைசாலி என்கிறோம், மற்றவள் முயலவில்லை என்கிறோம். நான் கண்டிப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

எங்கிருந்தாலும் படித்துவிடும் என்று சொல்பவர்கள் அரியலூர் மாவட்டத்து அனிதாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த பெண் அவர். அதற்கு மேல் எப்படிப் படித்துக் காட்டுவது? 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கான வழி மாறி நீட் தேர்வு வந்தது, மருத்துவ இடம் கிடைக்கவில்லை, அவரை இழந்தோம். பிறகு நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை, அந்தத் தேர்வு யாருக்குக் கதவு திறந்தது என்பதைக் காட்டியது: தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதி வந்தவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, மறுபடி எழுத வசதி வேண்டும். கல்யாணப் பேச்சு எட்டிப் பார்க்கும் வீட்டில் பெண்ணுக்கு அந்த ஓராண்டு கிடைப்பது அரிது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் நீட் வழியாக மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டே முந்நூறு பேருக்கு மேல் எம்பிபிஎஸ் இடம் பெற்றார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

மதிப்பெண் வந்த பிறகும் தடை தீர்வதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வேண்டும். பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது: கல்லூரிக் குறியீட்டு எண், பாடப்பிரிவு என்று ஒவ்வொன்றாகப் போட்டு விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும். கேள்விப்பட்ட பத்துக் கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தும் பெண், தன் கட்-ஆஃபுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல இடத்தைக்கூட இழக்கிறாள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதையே எடுத்துக்கொள்வதா, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று சில நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். என்ஜினீயர் மாமா இருக்கும் வீட்டில் இது ஒரு சாயங்காலப் பேச்சு. வீட்டில் யாருமே கல்லூரிப் படியை மிதிக்காத பெண்ணுக்கு, கூட உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். நல்ல தொண்டு நிறுவனங்கள் செய்யும் வேலைகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

இடமும் துணையும் இல்லாமல் படிப்பு வராது என்ற உண்மை சென்னைக்குப் புதிதும் அல்ல. ஏழைப் பையன்களுக்குத் தங்க இடமும் சோறும் அமைதியும் தந்தால்தான் படிப்பு வரும் என்று உணர்ந்து, 1905-இலேயே மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது. அந்தப் பையன்களைப் பார்த்து எங்கிருந்தாலும் படி என்று அதை நிறுவியவர்கள் சொல்லவில்லை. மயிலாப்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். தந்தையும் சித்தியும் ஊரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு அவர் பக்கம் நின்றார்கள். அந்தத் துணையின் அருமை தெரிந்ததால்தான் அவர் மற்ற இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். விடுதிகள் சாதி பார்த்த காலத்தில், தேவதாசிக் குடும்பப் பெண்கள் தங்கிப் படிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்றும் அடையாறில் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் திறமையைத் தேடி அலையவில்லை. திறமை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இடத்தையும் துணையையும் உண்டாக்கினார்கள்.

அரசுதான் செய்கிறதே என்பார்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. பழைய திருமண உதவித் திட்டத்தை உயர்கல்விக்கு மாற்றியது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வருகிறது. 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வி வீட்டுக்கு அருகிலேயே மாலை வகுப்பைக் கொண்டுவந்தது. அது தொடங்கியபோதே எட்டாம் வகுப்பு வரைக்குமான திட்டமாகத்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் கலந்தாய்வு வரையான ஆண்டுகள்தான் நடுவில் விடுபடுகின்றன. பள்ளி ஒழுங்காக நடந்தால் டியூஷன் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு நல்ல பள்ளியும் சாயங்காலம் மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பது அதன் கையில் இல்லை. கைதூக்கிவிட்டுப் பழக்கினால் சொந்தக்காலில் நிற்க மாட்டார்கள் என்ற வாதத்தைச் சொல்பவர்கள், தங்கள் பிள்ளைக்குக் கட்டும் டியூஷன் பணத்தைப் பற்றி அப்படி நினைப்பதில்லை.

படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும் என்ற இதே நம்பிக்கை தொண்டு நிறுவனங்களிலும் புகுந்திருப்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. வகுப்பில் முதல் மூன்று இடம் எடுத்த பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து, காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. தி.நகரிலிருந்து இயங்கும் அகரம் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அந்த அக்கறை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அறுபது சதவீதம் எடுக்கும் பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் என்ன ஆவாள் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகளை எட்டு மணி வரை திறந்து வைத்து, ஓர் ஆசிரியையையும் சுண்டலோ பயறோ சிற்றுண்டியையும் ஏற்பாடு செய்து, முடிந்ததும் பெண்களைக் கூட்டமாக வீடு வரை கொண்டுவிட ஆள் போட மாநகராட்சியாலும் தொண்டு நிறுவனங்களாலும் சேர்ந்து முடியும். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்கலாம்.