கமரா பரிசோதனை நாளுக்கும் கூலி வேண்டும்



வெளிக்குப் போகும்போது இரத்தம் போனால் நம் ஆட்கள் அதற்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: மூலம். வெயிலில் நின்ற சூடு என்பார்கள். நோன்பு காலமென்றால் மலச்சிக்கல் என்பார்கள். பலருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடலில் முளைக்கும் சதைமுளை, குடல் சுவரில் பிதுங்கிய பை, குடல் அழற்சி, புற்றுநோய் ஆகியவற்றிலும் இரத்தம் இப்படித்தான் போகும். இடுப்பு வலிக்கென்று நாளாந்தம் விழுங்கும் டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளும் குடலில் இரத்தம் கசிய வைக்கும். எது என்று நிறத்தைப் பார்த்து வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கொலனொஸ்கோபி; நாம் 'கமரா விட்டுப் பார்க்கிறது' என்போமே, அது. நுனியில் கமரா உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்தி டாக்டர் பெருங்குடலை முழுவதும் பார்க்கிறார். இரத்தம் கசியும் இடம் கிடைத்தால் அதே குழாய் வழியாக ஊசிமருந்து ஏற்றலாம், சூடு வைத்து அடைக்கலாம், சிறு கிளிப் போட்டு இறுக்கலாம். சதைமுளையைக் கம்பிக் கண்ணியால் அறுத்தெடுக்கலாம். 1969இல் நியூயோர்க்கில் தொடங்கிய முறை அது. பெருங்குடற் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்த முளைகளிலிருந்து பல வருடங்களில் வளர்பவை. முளையிலேயே எடுத்துவிட்டால் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டி வராது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. கல்முனையிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. அங்கே காட்டினால், தேவைப்படும்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைக்கோ அனுப்புவார்கள். பிறகு ஏன் ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவரும் தென்னந்தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவரும் மூலத்துக்கென்று சூரணம் வாங்கிக் குடித்து நாளைக் கடத்துகிறார்கள்? வெட்கம் ஒரு காரணம். சகோதரிகள் பெண் தாதி உடன் நிற்கவேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் பெரிய காரணம் கூலி.

கணக்கைப் பாருங்கள். பரிசோதனைக்கு முதல் நாள் இலேசான ஆகாரம், பிறகு பேதி மருந்து. மலசலகூடமில்லாத தோட்டத்தில் அன்று எப்படி வேலை செய்வது? மறுநாள் மயக்க ஊசி போட்டால் கத்தி பிடிக்க முடியாது. கூட்டிவர ஒருவர் வேண்டும். ஆக, மூன்று நாட்கூலி போகிறது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தாலே 4,050 ரூபா. பஸ் காசு வேறு. இலவச வைத்தியம் கூலிக்காரனுக்கு இலவசமாக இல்லை.

கல்முனை பசாரில் கடையில் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் அமைய விடுமுறை தருகிறது; சுகயீனத்துக்கும் அதை எடுக்கலாம். அந்தக் கடையில் விற்கும் சீனிக்குக் கரும்பு வெட்டியவருக்கோ, வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. குடல் இருவருக்கும் ஒன்றுதானே?

ஆகவே நாம் கேட்பது இது: ஆஸ்பத்திரித் துண்டு காட்டினால் பரிசோதனை நாளுக்கும் அதற்கு முதல் நாளுக்கும் முழுக்கூலி. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பள உயர்வோடு இதையும் எழுத்தில் வைக்க வேண்டும். கிளைத் தலைவர்கள் இப்போதே பேசத் தொடங்குங்கள்.

அதுவரை யாரும் காத்திருக்க வேண்டாம். இரத்தம் அதிகமாகப் போய்த் தலை சுற்றினால், குளிர்ந்து வியர்த்தால், உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மலம் தார்போல் கறுத்தாலும் தாமதிக்காதீர்கள். அது இரைப்பைப் பக்கத்து இரத்தமாக இருக்கலாம். கொஞ்சமாகப் போனாலும் கிளினிக்கில் காட்டுங்கள். குடிக்கும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். கூலிக்காகச் சங்கம் பேசும். உங்கள் உடம்பைப் பற்றி டாக்டரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.