ராசீனின் எலியும் பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களின் சின்னங்களும்

பிரெஞ்சுக் குடும்பப்பெயர் ஒன்றின் மூலத்தைத் தேடப் புறப்படுவோர் முதலில் இடறி விழும் இடம், அப்பெயருக்கென்றே ஒரு குலச்சின்னம் உண்டு என்னும் நம்பிக்கை. பெயரை உள்ளிட்டால் கேடயமும் சிங்கமும் அல்லிமலரும் வண்ணத்தில் அச்சிட்டுத் தரும் வணிகர்கள் இந்நம்பிக்கையில் பிழைக்கின்றனர். அவர்கள் பிழைத்துப் போகட்டும். ஆய்வு மாணவர் ஒருவர் அக்கேடயத்தைச் சான்றாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிரான்சில் சின்னம் என்பது ஒரு மனிதருக்கும் அவர் வழிவந்தோருக்கும், அல்லது ஒரு நகருக்கும் மடத்துக்கும் தொழிற்குழுவுக்கும் உரியது; பெயருக்கு உரியதன்று. நாட்டிலேயே மிகப் பரவலான குடும்பப்பெயர் மார்த்தென். அப்பெயரைத் தாங்கிய, ஒன்றோடொன்று இரத்த உறவில்லாத எண்ணற்ற குடும்பங்களுக்கு ஒரே கேடயத்தை மாட்டிவிடுவது வரலாறாகாது.

பெயரும் சின்னமும் எவ்வளவு தொலைவில் நிற்கக்கூடும் என்பதற்கு நாடகாசிரியர் ழான் ராசீன் குடும்பத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ராசீன் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் ‘வேர்’ என்று பொருள். அக்குடும்பத்தின் கேடயத்தில் வேரும் இல்லை, மரமும் இல்லை. ஓர் எலியும் ஓர் அன்னமும் இருந்தன. எலியின் பிரெஞ்சுப் பெயர் ‘ரா’ என்றும் அன்னத்தின் பெயர் ‘சீஞ்’ என்றும் ஒலிக்கும். இரண்டையும் சேர்த்து உச்சரித்தால் ஏறத்தாழ ‘ராசீன்’. சின்னவியலார் இத்தகையவற்றைப் ‘பேசும் சின்னங்கள்’ என்பர். சொல்லின் பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பற்றிக்கொண்ட சிலேடை இது. இச்சின்னத்தைக் கண்டு, முன்னோர் எலி பிடித்தவர் என்றோ அன்னம் வளர்த்தவர் என்றோ முடிவுகட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராசீனுக்கே அந்த எலி பிடிக்கவில்லை. 1697 ஜனவரியில் தம் சகோதரிக்கு எழுதிய மடலில், எலி உறுத்தியதால் அன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டதாகத் தெரிவிக்கிறார். பாட்டனார் கட்டிய வீட்டின் சன்னல் கண்ணாடிகளில் என்ன வரையப்பட்டுள்ளது என்று பார்த்துச் சொல்லுமாறும் கேட்கிறார். எலிக்குப் பதில் காட்டுப்பன்றியைத் தீட்டிவிட்டான் என்று ஓவியன்மேல் பாட்டனார் வழக்குத் தொடுத்ததாகக் கேள்விப்பட்ட நினைவும் அவருக்கு உண்டு. பேரனுக்கோ அது காட்டுப்பன்றியாகவே இருந்துவிடக் கூடாதா என்ற ஏக்கம். எலிக்காக வழக்காடிய பாட்டன், எலியை மறைத்த பேரன்: ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குள் சின்னம் இவ்வளவு அலைந்திருக்கிறது. அரசவைக்கு நெருங்கிவிட்ட பேரனின் கூச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பாட்டனே கூடுதல் மதிப்புக்குரியவர்.

அம்மடல் அந்த ஆண்டில் எழுதப்பட்டதற்கும் காரணம் உண்டு. 1696 நவம்பரில் பதினான்காம் லூயி, சின்னம் வைத்திருப்போர் அனைவரும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நோக்கம் மரபைக் காப்பதன்று. ஆக்ஸ்பர்க் கூட்டணிக்கு எதிரான நெடிய போரில் காலியான கருவூலத்தை நிரப்புவது. தனியாருக்குக் கட்டணம் 20 லிவ்ர். ஷார்ல் தொசியே பொறுப்பில் தொகுக்கப்பட்ட அப்பெரும் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் சேர்ந்தன. வணிகரும் கைவினைஞரும் வழக்குரைஞரும் அதில் நிறைந்துள்ளனர். பதிவுசெய்யத் தவறியோருக்கு அதிகாரிகளே ஏதேனும் ஒரு சின்னத்தைச் சூட்டிக் கட்டணம் கேட்டனர். அவற்றுட் பல, நிறத்தையும் உருவத்தையும் மாற்றி மாற்றி வரிசையாகப் படைக்கப்பட்டவை. சில அப்பட்டமான பெயர்ச் சிலேடைகள். இன்று ‘பதினேழாம் நூற்றாண்டுக் குலச்சின்னம்’ என்று பெருமையுடன் காட்டப்படும் கேடயம், உண்மையில் ஒரு வரி ரசீதாக இருக்கும் வாய்ப்பு குறைவன்று. அதில் இடம்பெற்றது உயர்குடிப் பிறப்புக்குச் சான்றாகவும் அன்று ஏற்கப்படவில்லை.

மூலம் தேடுவோருக்குப் பயன்படுவது கேடயத்தைவிடச் சொல்லே. கொல்லனைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபாபேர்’, வடக்கே லெஃபெவ்ர் ஆயிற்று. தெற்கே ஃபாப்ர் என்றும் ஃபோர் என்றும், சவாய்ப் பக்கம் ஃபாவ்ர் என்றும் ஆயிற்று. பிரெத்தாஞில் அதே கொல்லன் லெ கோஃப்; அல்சாசில் ஷ்மித். ஒரு பெயர் எந்த வட்டாரத்தில் வேர்கொண்டது என்பதை அதன் ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. லெஃபெவ்ர் என்பதன் ஓர் எழுத்துமுறையில் ஒலிக்காத ‘ப’கரம் ஒன்று உண்டு, இலத்தீன் கற்ற எழுத்தர்கள் மூலச்சொல்லை நினைவூட்டச் செருகியது அது. அக்காலக் கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே எழுத்தாக இருந்ததால், அவ்வடிவத்தைத் தவறாகப் படித்து ‘லெஃபெபூர்’ என்று புதுப்பெயரே பிறந்தது. ஓர் எழுத்தரின் புலமைக் காட்சி ஒரு பரம்பரையின் பெயராகிவிட்டது. 1539ஆம் ஆண்டின் வில்லே-கோத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. பங்குக் கோயிலின் அத்தகைய ஏடுகளே தேடலின் மெய்யான தொடக்கம்.

பெயருக்கு முன் நிற்கும் ‘த’ என்னும் இடைச்சொல்லும் உயர்குடி முத்திரையன்று. ஓர் ஊரிலிருந்து வந்தவர் என்பதற்குமேல் அது தனித்து எதையும் மெய்ப்பிக்காது. 1790 ஜூன் 19 அன்று பட்டங்களும் சின்னங்களும் ஒழிக்கப்பட்டபோது, குடும்பத்தின் மெய்ப்பெயரையே வழங்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. மிராபோ பிரபு திடீரென வெறும் ரிக்கெத்தி ஆனார்.

இவ்வாதம் பாரிசோடு முடிந்துவிடுவதில்லை. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, பிரெஞ்சிந்தியாவில் தம் சமூகத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றோர், தமக்கும் வழித்தோன்றல்களுக்குமாக ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து அறிவிக்க வேண்டியிருந்தது. அவ்வியக்கத்தின் முன்னோடியான புதுச்சேரி வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘வாயில்’ எனப் பொருள்படும் லாப்போர்த் என்ற பெயரை ஏற்றார். காலணி அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, அதை எதிர்த்துப் போராடியவர் அவர். கார்தினல் ரிஷ்லியுவின் தாயார் பிறந்த குடும்பத்தின் பெயரும் அதுவே. பெயரை மட்டும் நம்பும் வணிகர் புதுச்சேரிக் குடும்பத்துக்கு ரிஷ்லியு தாய்வழிக் கேடயத்தைத் தயங்காமல் விற்பார். அப்பெயரின் உண்மையான மூலமோ, தேதியும் கையொப்பமும் இட்ட ஒரு துறப்பு அறிவிப்பில், விட்ட பெயரும் ஏற்ற பெயரும் அருகருகே நிற்கும் வரியில் இருக்கிறது.