குடியிருப்பவர் இடும் மதிப்பெண்

கட்டட நிர்மாணக் கலை பயிலும் மாணாக்கருக்கு இயற்கையைச் சிதைக்காத முறைகளையும் சமூகப் பொறுப்பையும் போதிக்க வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அவ்விரண்டையும் ஒரு தனித் தாளாக்கி, பருவம் முழுவதும் சொற்பொழிவு நிகழ்த்தி, இறுதியில் மூன்று மணி நேரப் பரீட்சை எழுத வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பாடத்திட்டக் குழுவினர் நிம்மதி கொள்வதுதான் எனக்கு விளங்கவில்லை. பதில் சொல்லியாக வேண்டிய ஒரு மனிதர் கண்ணெதிரே இல்லாதபோது பொறுப்பு எங்கிருந்து பிறக்கும்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஆபர்ன் சர்வகலாசாலையில் சாமுவேல் மாக்பீ, டி. கே. ரூத் என்னும் இரு பேராசிரியர்கள் 1993-ல் ‘ரூரல் ஸ்டுடியோ’வைத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கே விடை தேடினார்கள். மாணாக்கர் கல்லூரி வளாகத்தை விட்டு, வறுமை மிகுந்த ஹேல் கவுண்டிக்குப் போய்த் தங்கி, அவ்வூர் ஏழைகளுக்கு வீடுகளை வரைவதோடு நில்லாமல் தம் கைகளாலேயே கட்டியும் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சாந்து பூசிய சுவர்களோடு ஒரு முதிய தம்பதியருக்கு 1994-ல் எழுந்த வீடும், பழைய மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடிகளை மீன் செதில்போல் அடுக்கி மேசன்ஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் 2000-ல் அமைத்த சமூகக் கூடமும் உலகெங்கும் கட்டடக்கலைப் பத்திரிகைகளில் இடம்பெற்றன.

அந்தப் புகைப்படங்களின் அழகை நானும் ரசித்தவனே. எனினும் ஏழையின் வீடு மாணாக்கரின் கற்பனைக்குச் சோதனைச்சாலையாகலாமா என்ற சந்தேகம் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எழாமல் இல்லை. ஒருவருக்கு வாய்த்த அற்புதத்தை அடுத்த வீட்டுக்காரர் தமக்கும் கேட்டால், அதைத் திரும்பச் செய்து கொடுக்க எவரிடமும் வழி இல்லையே!

மாக்பீ 2001-ல் மறைந்தபின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியர் காலத்தில், 2005-ல் ஆரம்பமான ‘20கே வீடு’ என்னும் முயற்சி அந்தச் சந்தேகத்துக்கு நேர்மையான பதில் என்பது என் கருத்து. அரசு தரும் ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழ்பவர் மாதந்தோறும் எவ்வளவு கடன் கட்ட இயலும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து 20,000 டாலர் என்ற எல்லையை முதலில் வகுத்துக்கொண்டார்கள். அதில் சுமார் 12,000 சாமான்களுக்கு, மிச்சம் கூலிக்கும் கட்டுபவரின் லாபத்துக்கும். தரையிலிருந்து உயர்த்திய தளம், எதிரெதிர் ஜன்னல்கள், முன்புறத் திண்ணை, தகரக் கூரை என்று அப்பிரதேசத்தின் புழுக்கத்துக்கும் மழைக்கும் முன்னோர் கண்ட உபாயங்களையே மாணாக்கர் மீண்டும் கற்க நேர்ந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் விலை பார்க்க வேண்டிய இடத்தில் வீண்செலவு செய்யாமையைப் பற்றித் தனி உபந்நியாசம் எதற்கு?

வீடு தயாரானபின்தான் இன்னொரு பாடம் காத்திருந்தது. இவ்வளவு சிறிய கடனைக் கொடுப்பதில் வங்கிகளுக்கு ஆதாயம் இல்லையாகையால் அவை எளிதில் முன்வருவதில்லை. ஆகவே அடமானம், காப்புறுதி, நகராட்சி விதி ஆகியவையும், வரைபலகையில் ஒருபோதும் தென்படாதவையாயினும், நிர்மாணத்தின் அங்கங்களே என்று உணர வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகளாக ஒரே வட்டாரத்தை விட்டு அகலாததால், முந்தைய அணிகள் கட்டியவை எப்படி முதுமை அடைகின்றன என்பதையும் புதிய மாணாக்கர் நேரிலேயே போய்ப் பார்க்கிறார்கள்.

இத்தனை மெதுவான கல்வி பெரும் வகுப்புகளுக்கு ஒத்துவராது என்று நிர்வாகிகள் சொல்வார்கள், அது வாஸ்தவமே. ஆனாலும் ஒரு சிறு மாற்றம் எந்தக் கல்லூரிக்கும் சாத்தியம்: இறுதியாண்டுத் திட்டத்துக்கு முன்பு, பழைய மாணவர்கள் கட்டிய ஒரு கட்டடத்துக்கு ஒவ்வொரு மாணாக்கரையும் மழைக்காலத்தில் அனுப்பி, அங்கே குடியிருப்பவர் சொல்வதைக் குறித்துவரச் செய்து, அந்தக் குறிப்புக்கும் வரைபடத்துக்கு நிகரான மதிப்பெண் அளிக்கலாம். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.